கண்ணில் படாத டாக்டர்

ஒரு சிற்றூரில் ஒரு குடும்பம். கணவர் கொத்தனார். மனைவி சித்தாள். இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போவார்கள். ஒரு நாள் குளிக்கும்போது அந்த அம்மாவின் மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பட்டாணி அளவுதான் இருந்தது. வலி இல்லை. "வலி இல்லாத கட்டிக்கு எதற்கு டாக்டர்?" என்று அவர் இருந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

நான்கு மாதம் போயிற்று. பட்டாணி நெல்லிக்காய் ஆயிற்று. அப்போதுதான் அந்தத் தெருவின் ஆஷா பணியாளரிடம் சொன்னார்.

"அக்கா, வலி இல்லைன்னு விட்டுடாதீங்க. வலி இல்லாத கட்டியைத்தான் முதல்ல காட்டணும்" என்றார் ஆஷா பணியாளர்.

பக்கத்து ஊரில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. அங்கே டாக்டர் ஊசியால் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்தார். அதை ஒரு டப்பாவில் இருந்த மருந்து நீரில் போட்டார். "இதை லேபில் கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வாருங்கள்" என்றார். கணவர் டப்பாவைத் துணிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லேப் இருந்தது. கையில் இருந்த கூலிப் பணம் முழுவதும் அங்கே போயிற்று. ஐந்து நாள் கழித்து ஒரு தாள் கிடைத்தது.

அந்தத் தாளையும், அரசு கொடுத்த காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அட்டை உள்ளவர்களுக்கு உதவி செய்ய அங்கே ஓர் இளைஞர் இருந்தார். அவரை ஆரோக்கிய மித்ரா என்பார்கள். அவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதில் டாக்டர் கையெழுத்து எங்கே?"

"லேப்ல இப்படித்தான் கொடுத்தாங்க தம்பி."

"டெக்னீஷியன் கையெழுத்து மட்டும் இருக்கிறது. துண்டைப் பார்த்துச் சொன்ன டாக்டரின் பெயர் இல்லை. பதிவு எண் இல்லை. இதை வைத்துச் சிகிச்சைக்கு அனுமதி கேட்க முடியாது ஐயா."

"லேப்ல ஏது தம்பி டாக்டர்?" என்று கேட்டார் கொத்தனார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம்மில் பலர் அந்த டாக்டரைப் பார்த்ததே இல்லை.

யார் அந்த டாக்டர்?

லேபில் இரத்தம் எடுப்பவர் டாக்டர் அல்லர். அவர் டெக்னீஷியன். அவருக்குப் பின்னால், உள்ளறையில், மைக்ராஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியின் முன்னால் ஒருவர் இருப்பார். அவர்தான் லேப் டாக்டர். ஆங்கிலத்தில் பேத்தாலஜிஸ்ட் என்பார்கள். தமிழில் நோயியல் மருத்துவர் எனலாம்.

மற்ற டாக்டர்கள் நோயாளியைப் பார்க்கிறார்கள். இவர் நோயாளியின் இரத்தத்தைப் பார்க்கிறார். சிறுநீரைப் பார்க்கிறார். சளியைப் பார்க்கிறார். கட்டியிலிருந்து எடுத்த துண்டைப் பார்க்கிறார். "நோய் இது" என்று எழுதித் தருகிறார். அதைப் படித்துத்தான் மற்ற டாக்டர் மருந்து கொடுக்கிறார். அறுவை செய்யலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

வீடு கட்டும்போது கண்ணுக்குத் தெரிவது சுவர். கண்ணுக்குத் தெரியாதது அஸ்திவாரம். அஸ்திவாரம் தவறினால் சுவர் நிற்குமா? லேப் ரிப்போர்ட்டும் அப்படித்தான்.

என்ன படித்தவர்?

பேத்தாலஜிஸ்ட் முதலில் மற்ற டாக்டர்களைப் போலவே படிக்கிறார். பள்ளிப் படிப்பை முடித்து நுழைவுத் தேர்வு எழுதுகிறார். எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன் பிறகு ஓர் ஆண்டு மருத்துவமனையில் பயிற்சி. பிறகு மறுபடியும் ஒரு தேர்வு. அதில் தேறினால் நோயியலில் எம்.டி. மேற்படிப்பு 3 ஆண்டு. பள்ளி முடித்த பிறகு குறைந்தது எட்டரை ஆண்டு ஆகிறது. எம்.டி.க்குப் பதிலாக 2 ஆண்டுப் பட்டயப் படிப்பு படித்த டாக்டர்களும் உண்டு.

படித்தால் மட்டும் போதாது. மாநில மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அங்கே ஒரு பதிவு எண் கொடுப்பார்கள். பதிவு இல்லாதவர் டாக்டராகத் தொழில் செய்யக் கூடாது. இந்தியா முழுவதற்கும் மருத்துவப் படிப்பைக் கவனிக்கும் அமைப்பு தேசிய மருத்துவ ஆணையம். இது 2020ஆம் ஆண்டு, பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்தது.

டெக்னீஷியனும் படித்தவர்தான். ஆய்வகத் தொழில்நுட்பத்தில் பட்டயமோ பட்டமோ பெற்றவர். இரத்தம் எடுப்பது, கருவியை இயக்குவது, சாயம் ஏற்றுவது எல்லாம் அவருடைய வேலை. அவர் இல்லாமல் லேப் நடக்காது. ஆனால் துண்டைப் பார்த்து "இது புற்றுநோய்" என்றோ "புற்றுநோய் இல்லை" என்றோ முடிவு சொல்வது பேத்தாலஜிஸ்டின் வேலை.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் டாக்டர் வி. ஆர். கானோல்கர். மும்பையில் 1941ஆம் ஆண்டு டாடா நினைவு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அங்கே ஆய்வகத்தை அவர் நடத்தினார். வாய்ப் புற்றுநோய்க்கும் புகையிலை மெல்லும் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். லேபில் இருந்தபடியே ஒரு டாக்டர் பல லட்சம் பேருக்கு நன்மை செய்ய முடியும். அதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

டப்பாவில் போட்ட துண்டு என்ன ஆகிறது?

கட்டியிலிருந்து சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பதைப் பயாப்சி என்கிறோம். டப்பாவில் இருக்கும் மருந்து நீரின் பெயர் ஃபார்மலின். அது சதையை அழுகாமல் காக்கும். வெறும் தண்ணீரில் போட்டால் துண்டு கெட்டுவிடும். பிறகு எந்த டாக்டராலும் படிக்க முடியாது.

லேபில் அந்தத் துண்டை மெழுகில் பதிப்பார்கள். மெழுகுக் கட்டி தயாராகும். கூரிய கத்தி உள்ள கருவியால் அதை மெல்லிய ஏடாகச் சீவுவார்கள். ஒரு ஏட்டின் கனம் தலைமுடியின் கனத்தைவிடப் பல மடங்கு குறைவு. அந்த ஏட்டைக் கண்ணாடிச் சில்லின் மேல் ஒட்டுவார்கள். அதன் மேல் ஊதா, இளஞ்சிவப்பு என இரண்டு சாயம் ஏற்றுவார்கள். அப்போது உடலின் நுண்ணிய அறைகளான செல்கள் தெளிவாகத் தெரியும்.

நல்ல செல்கள் ஒழுங்காகக் கட்டிய செங்கல் வரிசை போல இருக்கும். புற்றுநோய்ச் செல்கள் கொட்டிக் கிடக்கும் செங்கல் குவியல் போல ஒழுங்கில்லாமல் இருக்கும். பல ஆயிரம் சில்லுகளைப் பார்த்துப் பழகிய கண்தான் இந்த வேறுபாட்டைச் சரியாகச் சொல்லும். இந்த வேலைகளுக்குச் சில நாட்கள் ஆகும். அதனால்தான் பயாப்சி ரிப்போர்ட் அன்றே கிடைப்பதில்லை.

இரத்தச் சோதனை இதைவிட விரைவாக முடியும். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவைக் கருவி சொல்லும். கர்ப்பிணிப் பெண்ணுக்கு அது 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச் சோகை. மற்றப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச் சோகை. கருவி சொன்ன எண்ணில் சந்தேகம் வந்தால், பேத்தாலஜிஸ்ட் ஒரு துளி இரத்தத்தைச் சில்லில் தடவி, தம் கண்ணால் பார்ப்பார். மலேரியாக் கிருமியையும் இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்.

யார் கையெழுத்துப் போட வேண்டும்?

ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்து இருக்கும். அது வெறும் அலங்காரம் அல்ல. "இந்த முடிவுக்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் சொல்லும் வாக்குறுதி.

இந்தக் கையெழுத்தைப் பற்றி நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. குஜராத்திலிருந்து வந்த அந்த வழக்கில் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நோயியலில் மேற்படிப்பு முடித்துப் பதிவு பெற்ற டாக்டர் லேப் ரிப்போர்ட்டில் கையெழுத்திட வேண்டும் என்ற மருத்துவக் கவுன்சிலின் நிலையை அது ஏற்றது. பிறகு 2018ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. லேப்கள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரிக்கப்பட்டன. சாதாரணச் சோதனை மட்டும் செய்யும் சிறிய லேபுக்கு எம்.பி.பி.எஸ். டாக்டரும் பொறுப்பு ஏற்கலாம். 2020ஆம் ஆண்டு விதிகள் மறுபடியும் திருத்தப்பட்டன.

ஆகவே, எல்லாச் சோதனைக்கும் ஒரே விதி இல்லை. ஆனால் பயாப்சி ரிப்போர்ட் என்றால் பேத்தாலஜிஸ்டின் பெயர், படிப்பு, பதிவு எண், கையெழுத்து நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்க உங்களுக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

காப்பீட்டில் லேபின் பங்கு

காப்பீடு என்பது பலர் சேர்ந்து ஒருவரின் சுமையைத் தாங்குவது. நம் நாட்டில் இது புதிது அல்ல. தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. திட்டம் 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்காக 2008ஆம் ஆண்டு ஒரு தேசியத் திட்டம் வந்தது. அதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை சிகிச்சை கிடைத்தது. பிறகு 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ராஞ்சியில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். 2024ஆம் ஆண்டு அக்டோபரில், 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், வருமானம் எவ்வளவு ஆனாலும் சேரலாம் என்று ஆயிற்று. பல மாநிலங்களில் மாநில அரசின் திட்டமும் இதனோடு சேர்ந்து நடக்கிறது. அங்கே பெயர் வேறாக இருக்கும்.

இதில் பேத்தாலஜிஸ்ட் எப்படிச் சேருகிறார்? அவர் தனியாக உங்கள் அட்டையை வாங்கிக்கொள்வதில்லை. திட்டத்தில் சேர்வது மருத்துவமனை. அறுவைக்கு, மருந்துக்கு, படுக்கைக்கு, சோதனைக்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை நிர்ணயம் செய்திருப்பார்கள். அந்தத் தொகையைத் திட்டம் மருத்துவமனைக்குக் கொடுக்கிறது. லேப் டாக்டருக்கு உரியதை மருத்துவமனை கொடுக்கிறது. ஆகவே, அட்டையின் பேரில் உள்ளே சேர்ந்த நோயாளியிடம் அந்தச் சிகிச்சைக்கான சோதனைக்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது.

லேப் டாக்டருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. புற்றுநோய் போன்ற சிகிச்சைக்கு மருத்துவமனை முன் அனுமதி வாங்க வேண்டும். நோய் உண்மையில் இருக்கிறதா என்று திட்டத்தின் டாக்டர்கள் பார்ப்பார்கள். அவர்கள் நோயாளியை நேரில் பார்ப்பதில்லை. ரிப்போர்ட்டைத்தான் பார்க்கிறார்கள். நோய் இல்லாதவருக்கு இருப்பதாக எழுதினால் பொதுப் பணம் வீணாகும். நோய் உள்ளவருக்கு ஒழுங்கான ரிப்போர்ட் இல்லை என்றால் அவருடைய சிகிச்சை நின்றுவிடும். பணத்துக்கும் உயிருக்கும் நடுவே நிற்கிறது அந்த ஒரு தாள்.

எந்தச் சோதனைக்கு அட்டை உதவும்?

இதுதான் பலர் ஏமாறும் இடம். ஆயுஷ்மான் அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு உரியது. சேர்வதற்கு முந்தைய 3 நாள் சோதனைச் செலவும், வீடு திரும்பிய பிறகு 15 நாள் வரை ஆகும் சோதனை, மருந்துச் செலவும் அதில் அடங்கும். சும்மா வெளியே ஒரு லேபில் இரத்தம் கொடுத்தால் அட்டை உதவாது. இந்தத் திட்டத்தில் ஒரு நன்மை உண்டு. அட்டை வாங்கும் முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை கிடைக்கும்.

ஈ.எஸ்.ஐ. அப்படி அல்ல. அதில் வெளி நோயாளியாகப் பார்க்கும் டாக்டர் எழுதித் தரும் சோதனையும் சேரும்.

காசு கட்டி வாங்கும் தனியார் காப்பீட்டில் விதி பாலிசிக்குப் பாலிசி மாறும். பல பாலிசிகளில் முதலில் நாம் பணம் கட்டி, பிறகு திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு மூன்று தாள்கள் வேண்டும். சோதனை செய்யச் சொன்ன டாக்டர் சீட்டு, கையெழுத்துள்ள ரிப்போர்ட், எண் போட்ட ரசீது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பணம் கிடைப்பது கஷ்டம். பாலிசி எடுக்கும்போது பழைய நோயை மறைக்கவும் கூடாது. மறைத்தது பின்னால் தெரிந்தால் பணம் தர மறுப்பார்கள்.

எந்த அட்டையும் இல்லாதவர் என்ன செய்வது? 2015ஆம் ஆண்டு தேசிய சுகாதார இயக்கம் இலவசப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பட்டியலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 63 சோதனைகளும், மாவட்ட மருத்துவமனைக்கு 134 சோதனைகளும் உள்ளன. வெளியே பணம் கட்டும் முன், "இது அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்வார்களா?" என்று கேளுங்கள்.

கொத்தனார் குடும்பம் என்ன செய்தது?

ரிப்போர்ட் செல்லாது என்று கேட்டதும் அந்த அம்மா அழுதுவிட்டார். "மறுபடியும் குத்தி எடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"வேண்டியிருக்காது அம்மா" என்றார் ஆரோக்கிய மித்ரா. "துண்டைப் பதித்த மெழுகுக் கட்டி அந்த லேபில் இருக்கும். கண்ணாடிச் சில்லும் இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கி வாருங்கள். எங்கள் லேப் டாக்டர் பார்ப்பார்."

கொத்தனார் மறுநாளே பஸ் ஏறினார். லேபில் முதலில் தயங்கினார்கள். "ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். என் மனைவியின் சதை. கொடுங்கள்" என்றார் கொத்தனார். எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் பேத்தாலஜிஸ்ட் அந்தச் சில்லைப் பார்த்தார். அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் சில ஏடுகள் சீவி, வேறு சோதனையும் செய்தார். எந்த மருந்து இந்தக் கட்டிக்குக் கேட்கும் என்று அந்தச் சோதனை சொல்லும். பெயரும் பதிவு எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டார். நோய் மார்பகப் புற்றுநோய்தான். அந்த ரிப்போர்ட்டை அனுப்பினார்கள். அனுமதி வந்தது. அறுவை நடந்தது. அறுத்து எடுத்த கட்டி மறுபடியும் பேத்தாலஜிஸ்டிடமே போயிற்று. கட்டி முழுவதும் வந்துவிட்டதா, அக்குளில் உள்ள முடிச்சுகளுக்கு நோய் பரவியிருக்கிறதா என்று அவர் பார்த்து எழுதினார். அடுத்த சிகிச்சை அதை வைத்தே முடிவாயிற்று.

முதலில் லேபில் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ரிப்போர்ட்டுக்காக அலைந்ததில் நாட்களும் போயின. அந்த அம்மா இன்னும் சிகிச்சையில் இருக்கிறார். தெருவில் யாராவது டப்பாவோடு லேபுக்குக் கிளம்பினால் அவர் கூப்பிட்டுச் சொல்கிறார்: "முதல்ல கேளுங்க, கையெழுத்துப் போடுற டாக்டர் யாருன்னு."

அந்த டாக்டரின் முகத்தை அவர் இன்று வரை பார்த்ததில்லை. ஆனால் பெயரைப் படித்திருக்கிறார்.

நினைவில் வையுங்கள்

1. மார்பிலோ வேறு இடத்திலோ கட்டி தெரிந்தால் வலி வரும் வரை காத்திருக்காதீர்கள்.

2. சோதனைக்குப் பணம் கட்டும் முன், அட்டை செல்லும் ஆஸ்பத்திரியிலேயே அதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

3. டப்பாவின் மேல் நோயாளியின் பெயரும் வயதும் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

4. ரிப்போர்ட்டில் டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண், கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

5. டாக்டர் சீட்டு, ரிப்போர்ட், ரசீது மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். எதையும் தூக்கி எறியாதீர்கள்.

6. இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றால் மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லையும் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி வையுங்கள்.

7. ஆயுஷ்மான் அட்டையோடு உள்ளே சேர்ந்த பிறகு சோதனைக்குப் பணம் கேட்டால், ஆரோக்கிய மித்ராவிடம் சொல்லுங்கள். 14555 என்ற எண்ணுக்குப் பேசியும் புகார் செய்யலாம். இந்த எண்ணுக்குப் பேசக் கட்டணம் இல்லை.

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் கடைசியாக எடுத்த லேப் ரிப்போர்ட் எங்கே இருக்கிறது? அதை எடுத்துப் படியுங்கள். கையெழுத்துப் போட்டவர் யார்? அவர் என்ன படித்தவர்? பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.